அறிந்த பின்னும் வியப்பு: லியான்ட்ரோ எர்லிச்சின் மாயக் கூடங்கள்

மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையை நான்காவதாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் வாயில்களையும் நான்காக வகுத்தார். முன்பு கண்டிராத புதியதைக் காணும்போதும், அளவிறந்த பெரியதைக் காணும்போதும், மிக நுண்ணிய சிறியதைக் காணும்போதும், ஒன்று மற்றொன்றாகத் திரிவதைக் காணும்போதும் வியப்புத் தோன்றும் என்பது அவர் கருத்து. மெய்ப்பாட்டியலைப் பாடமாகப் பயில்வோர் இந்நான்கையும் மனனம் செய்துவிடுவர். ஆனால் அதே நூற்பாவில் மருட்கைக்கு அவர் கொடுத்துள்ள அடைமொழியை விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கமாக இருக்கிறது. அறிவு நிரம்பாத நிலையே வியப்பு என்னும் பொருள்பட அவர் அங்கே பேசுகிறார். அஃதாவது, அறியாமை உள்ளவரையே வியப்பு; அறிவு வந்து நிரம்பியதும் வியப்பு விடைபெற்றுக்கொள்ளும். செப்படிவித்தைக்காரன் தன் கைக்குள் ஒளித்து வைத்ததைக் காட்டிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பதை அறியாதார் யார்?

இவ்விதியைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே படைப்பவர்போல் தோன்றும் கலைஞர் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அர்ஜென்டினா நாட்டின் தலைநகரான போனஸ் அயர்ஸில் 1973ஆம் ஆண்டு பிறந்த லியான்ட்ரோ எர்லிச், தம் வித்தையின் மறைவிடத்தைக் காண்போருக்குத் தாமே திறந்து காட்டிவிடுகிறார். காட்டிய பின்னரும் கூட்டம் கலைவதில்லை. அஃது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

எர்லிச்சை ஓவியர் என்பதா, சிற்பி என்பதா, கட்டடக் கலைஞர் என்பதா என்று வகைப்படுத்த முற்பட்டால் இடர்ப்படுவோம். மரம், இரும்பு, கண்ணாடி, ஆடி, நீர், ஒளி, அசையும் ஒளிக்காட்சி, சிலவேளைகளில் ஒரு வீட்டின் முகப்பு முழுவதுமே கூட அவருக்குக் கருவியாகின்றது. இவ்வாறு பல பொருள்களைக் கலந்து செய்வதனைக் கலப்பூடகக் கலை என்றும், ஒரு கூடத்தையே படைப்பாக அமைத்து அதனுள் காண்போரை நடமாட விடுவதனை அமைவுக்கலை என்றும் இன்று வழங்குகிறோம். பெயர் எதுவாயினும் ஆகுக. இவர்தம் படைப்பினுள் காண்பவர் நுழையாதவரை அது முற்றுப்பெறுவதில்லை என்பதே முதலில் மனங்கொள்ளத்தக்கது. மேடையை அமைத்து, விளக்கேற்றி, திரையையும் விலக்கிவிட்டு, நடிகரை மட்டும் அனுப்பாமல் விட்ட நாடகம் போன்றது அது. நடிகர் வெளியிலிருந்து வருவதில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிய நாமே நடிகர்.

இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது நீச்சல் குளம் என்னும் படைப்பு. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் இளங்கலைஞராகத் தங்கிப் பயின்ற காலத்தில், 1999இல், இதனை முதன்முதலாகச் செய்தார். 2001ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் அர்ஜென்டினாவின் சார்பில் கலந்துகொண்டபோது இது பலர் பார்வைக்கு வந்தது. நிலையாக அமைந்த வடிவத்தை இன்று ஜப்பானின் கனசாவா நகரிலுள்ள 21ஆம் நூற்றாண்டுக் கலைக்கூடத்தில் காணலாம். கசுயோ செஜிமா, ரியூஎ நிஷிசாவா ஆகிய இருவரும் வரைந்தளித்த வட்டவடிவக் கட்டடம் அது, 2004இல் திறக்கப்பட்டது. நடுவே ஒரு திறந்த முற்றம். முற்றத்தில் சுண்ணாம்புக்கல் பாவிய திண்ணை. திண்ணை நடுவில், ஏணியும் கைப்பிடியுமாக, எங்கும் காணக்கூடிய ஒரு நீச்சல் குளம்.

நான் முதலில் மேலே நின்று பார்த்தேன். நீர் சலசலத்துக்கொண்டிருந்தது. அடியில் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முழு உடையுடன், தோளில் பையுடன், சிலர் கையில் குடையுடன். அவர்கள் மூழ்கவில்லை, நீந்தவில்லை, மூச்சுத் திணறவுமில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் நின்று அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு படித்திருந்தாலும், எத்தனை படங்களில் முன்பே கண்டிருந்தாலும், அந்த முதல் நொடியில் நெஞ்சு ஒருமுறை துணுக்குறவே செய்கிறது. தண்ணீருக்கடியில் மனிதர் நிற்கக்கூடாது என்று உடல் அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறிவைப் புத்தகத்தால் மாற்ற முடிவதில்லை.

இனி மறைவிடத்தைப் பார்ப்போம். குளத்தின் மேற்பரப்பில் ஒளி ஊடுருவும் கண்ணாடி ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அதன்மேல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மட்டுமே நீர் நிற்கிறது. கண்ணாடிக்குக் கீழே நீலவண்ணம் பூசிய வெற்றறை. கீழ்த்தளத்தின் வழியாக எவரும் அதனுள் செல்லலாம். இவ்வளவே வித்தை. எர்லிச் இதனை ஒளிப்பதில்லை. மேலே வியந்தவர் கீழே சென்று காண வேண்டுமென்பதே அவர் விருப்பம்.

நானும் கீழே சென்றேன். அங்கேதான் இப்படைப்பின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. மேலே பார்த்தால் வானம் நெளிகிறது. விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பவர்களின் முகங்கள் நீண்டும் சுருங்கியும் உடைந்தும் சேர்ந்தும் அலைகின்றன. மேலே நின்றபோது கீழிருந்தவர்கள் எனக்கு விந்தை மனிதர்களாகத் தோன்றினார்கள். இப்போது விந்தை மனிதர்கள் மேலே நிற்கிறார்கள். அவர்களுக்கு விந்தை மனிதன் நான். ஒலி கேட்பதில்லை, ஆதலால் எல்லாரும் கையசைக்கிறார்கள். மேலிருந்த ஒரு சிறுமி என்னை நோக்கிக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவள் மேலும் பலமாக அசைத்தாள். இது எப்படிச் செய்யப்பட்டது என்னும் கேள்வி அந்நேரம் எனக்கு மறந்தே போயிற்று. மேலே இருப்பவர் யார் என்னும் கேள்வி மட்டும் எஞ்சியது.

மகாபாரதத்தில் மயன் சமைத்த மண்டபத்தை இங்கு நினையாதிருக்க நம்மால் முடியாது. தரையை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கிய துரியோதனன், நீரைத் தரையென்று எண்ணி அதில் விழுந்தான். சிரிப்பொலி கேட்டது. அச்சிரிப்பு எங்குச் சென்று முடிந்தது என்பதை நாம் அறிவோம். மயனின் வித்தையும் எர்லிச்சின் வித்தையும் ஒன்றே: தோற்றமும் பொருளும் இடம் மாறி நிற்றல். ஆயினும் மயன் மண்டபத்தில் அறிந்தவர் மாடத்தின்மேல் நின்றார். அறியாதவன் கீழே விழுந்தான். இருவரும் இடம் மாறிக்கொள்ள வழியில்லை. கனசாவாவின் குளத்தில் படிக்கட்டு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சிரித்தவர் சிரிக்கப்படுபவர் ஆகலாம். படிக்கட்டையும் கலையின் உறுப்பாகச் செய்ததையே இவர்தம் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

எர்லிச்சின் தந்தையார் ஒரு கட்டடக் கலைஞர். வீடு, படி, கதவு, சன்னல் என்பவற்றின் இலக்கணம் இவருக்குச் சிறுவயதிலேயே பழகிப்போயிற்று எனலாம். மற்றொரு பக்கம், இவர் பிறந்த நகரம் போர்ஹெஸின் நகரம். ஆடிகளையும் சுற்றுவழிகளையும் முடிவற்ற நூலகங்களையும் எழுதிய ஜார்ஜ் லூயிஸ் போர்ஹெஸ் (1899–1986), ஒரு சொற்றொடரைப் படித்து முடிக்குமுன் வாசகனின் காலடித் தரையை நழுவச் செய்யும் ஆற்றல் பெற்றவர். அவருடைய நண்பர் பியோய் கசாரெஸ் 1940இல் வெளியிட்ட ‘மோரெலின் கண்டுபிடிப்பு’ என்னும் புதினத்தில், தனித்தீவில் ஒளிந்து வாழும் ஒருவன் அங்கு உலவும் மனிதர்களைக் காண்கிறான். அவர்களுள் ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். பின்னரே அவர்கள் இயந்திரம் ஒன்று திரும்பத் திரும்பக் காட்டும் வெறும் உருவங்கள் என்பதை உணர்கிறான். உணர்ந்த பின் அவன் விலகுவதில்லை. தன் உருவத்தையும் அவ்வுருவங்களிடையே பதிந்து வைக்கிறான். இத்தகைய இலக்கியம் விளைந்த மண்ணில் எர்லிச் போன்ற கலைஞர் தோன்றியது வியப்பன்று.

மீமெய்ம்மை என்னும் சொல் இவரைப் பற்றி அடிக்கடி ஆளப்படுகிறது. அச்சொல்லைச் சற்று எச்சரிக்கையுடன் கையாள்வது நல்லது. 1924இல் ஆந்திரே பிரெத்தோன் பாரிஸில் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய அவ்வியக்கம், கனவையும் நனவிலி மனத்தையும் தேடிச் சென்றது. எர்லிச் கனவைத் தேடுவதில்லை. மின்தூக்கி, முடிதிருத்தகம், துணிக்கடையின் உடை மாற்றும் அறை, படிக்கட்டு என நாம் நாள்தோறும் புழங்கும் இடங்களே அவருக்குப் போதும். கனவுலகை வரைந்த தாலியைவிட, தொப்பியும் மேலங்கியும் அணிந்த சாதாரண மனிதனை வரைந்த பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித்துக்கே இவர் அணுக்கமானவர். மக்ரித் 1937இல் தீட்டிய ஓர் ஓவியத்தில், ஆடி முன் நிற்கும் மனிதனுக்கு ஆடியில் தன் முகம் தெரிவதில்லை. தன் முதுகே தெரிகிறது. நாம் அம்மனிதனை வெளியே நின்று பார்க்கிறோம். எர்லிச்சோ நம்மைக் கொண்டுபோய் அவ்வாடியின் முன் உட்கார வைத்துவிடுகிறார்.

முடிதிருத்தகத்தில் நாற்காலிகள் வரிசையாக உள்ளன, எதிரே ஆடிகள். அமர்ந்து நிமிர்ந்து பார்த்தால், ஆடியில் நம் முகம் இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் அறியாத ஒருவர் அமர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆடியென்று நாம் கருதியது வெறும் சட்டம். அப்பால் அச்சாக அதேபோன்ற மற்றோர் அறை. சில சட்டங்களில் உண்மையாகவே ஆடியும் உண்டு. எது எதுவென்று முன்கூட்டியே சொல்ல இயலாது. 2008இல் செய்த உடை மாற்றும் அறைகள், பின்னர் செய்த மின்தூக்கிகளின் சுற்றுவழி ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தனவே. அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு இம்மின்தூக்கிகள் சொல்லும் செய்தி சற்றுக் கூர்மையாகவே தைக்கும். நாள்தோறும் ஒரே பெட்டிக்குள் அண்டைவீட்டாருடன் நின்று, எண்பலகையை மட்டும் பார்த்தபடி ஏறி இறங்குகிறோம். அவருடைய மின்தூக்கியில் ஆடியைப் பார்ப்பதாக எண்ணித் தலை வாரப்போன ஒருவர், மறுபக்கம் நிற்பவரின் முகத்தைக் கண்டு கூசிச் சிரித்து, வணக்கம் சொல்லிவிட்டு வருகிறார்.

வீட்டு முகப்புகளைக் கொண்டு செய்தவை வேறொரு வகை. 2004ஆம் ஆண்டு பாரிஸின் இரவுக் கலைவிழாவுக்காக இதனை முதலில் செய்தார். ஒரு கட்டடத்தின் முகப்பை, சன்னல் மாடங்களோடும் வாசற்படியோடும், தரையில் படுக்கவைத்துவிட்டார். அதற்குமேல் 45 பாகைச் சாய்வில் மிகப்பெரிய ஆடி ஒன்றை நிறுத்தினார். தரையில் படுத்துப் புரள்வோர் ஆடியில் மூன்றாம் மாடியின் விளிம்பைப் பற்றித் தொங்குவோராகத் தெரிகின்றனர். முதியோரும் குழந்தைகளும் புவியீர்ப்பை வென்ற கழைக்கூத்தாடிகளாகிவிடுகின்றனர். இங்கே மறைத்து வைக்க எதுவுமே இல்லை. படுத்திருக்கும் உடலும் தொங்கும் உருவமும் ஒரே பார்வையில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன.

இதே உத்தியை 2013இல் இலண்டன் மாநகரின் டால்ஸ்டன் பகுதியில் பார்பிக்கன் கலைமையத்தின் அழைப்பில் மீண்டும் கையாண்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த வரிசை வீடொன்றின் முகப்பு அது. உத்தி பழையதுதான், இடம் புதியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீழ்ந்து அழிந்த வீடுகளின் மனை அது. அதன்பின் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அங்கு முன்பு நின்ற வீடுகளைப் போன்ற ஒன்றைத் தரையில் கிடத்தி, ஆடியில் நிமிர்த்திக் காட்டி, அக்கம்பக்கத்துச் சிறுவர்களை அதன் சன்னல்களில் ஏறி விளையாடவிட்டார். ஆடியில் நிற்கும் வீட்டைத் தொட முடியாது. தரையில் கிடப்பதோ விழுந்த வீடு. விளையாடிய சிறுவர்க்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்களை வேடிக்கை பார்த்து நின்ற முதியோருள் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

இவ்விடத்தில் எதிர்க்கட்சியாரின் கூற்றையும் கேட்டாக வேண்டும். இதெல்லாம் கலையன்று, கேளிக்கைப் பூங்காவின் சிரிப்பாடிக் கூடத்திற்குச் சற்று மெருகேற்றிய வடிவம் என்பது அவர்கள் வாதம். கைப்பேசியில் படம் பிடித்துப் பகிர்வதற்கு வசதியாக இருப்பதாலேயே கூட்டம் கூடுகிறது என்றும் கூறுவர். 2017 நவம்பர் முதல் 2018 ஏப்ரல் வரை தோக்கியோவின் மோரி கலைக்கூடத்தில் நடந்த இவருடைய பெருங்கண்காட்சிக்கு 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அதனையே குறையாகச் சுட்டுவோரும் உளர். கூட்டம் வந்ததைக் குறையென்பது எனக்கு உடன்பாடன்று. தெருக்கூத்துக்குக் கூடாத கூட்டமா? ஆனால் படம் பிடிப்பதைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. முகப்பின் கீழ் படுத்திருந்தவர்களில் பலர் ஆடியை நோக்கவில்லை. ஆடியில் தெரியும் தம்மைக் கைப்பேசியின் திரையில் நோக்கினர். படம் சரியாக விழுந்ததும் எழுந்து சென்றனர். அவர்களுக்குப் படைப்பு நிகழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

குற்றம் சில படைப்புகளிலும் உண்டு. 2015இல் பாரிஸில் உலகத் தட்பவெப்ப மாநாடு கூடியபோது, வடக்குத் தொடர்வண்டி நிலையத்தின் முன் உருகி வழியும் வீடொன்றை நிறுவினார். ஒரு பார்வையில் புரிகிறது. மறுபார்வைக்கு அங்கே ஒன்றும் இல்லை. உலகம் வெப்பமடைகிறது, வீடு உருகுகிறது. சுவரொட்டி சொல்லக்கூடியதைச் சொல்வதற்கு இத்தனை பொருட்செலவு வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஎ நகரில் பாரந்தூக்கியில் வேரோடு தொங்கவிட்ட வீடு அதனினும் மேலானது. எனினும் அதிலும் நாம் அண்ணாந்து பார்ப்பவர்களே, உள்ளே புகுவார் இல்லை. படிக்கட்டு இல்லாத இடத்தில் எர்லிச் மற்றக் கலைஞர்களுள் ஒருவராகிவிடுகிறார்.

மயாமிக் கடற்கரையில் 2019இல் மணலால் செய்து நிறுத்திய 66 வாகனங்களின் நெரிசலையும் நான் இவ்வரிசையில் வைத்திருப்பேன். ஆனால் 2025இல் அதன் தொடர்ச்சியாகக் கான்கிரீட் கார்கள் 22ஐ அக்கடலடியில் இறக்கி, பவளம் வளர வழிசெய்த செய்தியை அறிந்தபின் என் கருத்தைச் சற்று மாற்றிக்கொண்டேன். நனையாமல் நீருக்கடியில் நிற்கச் செய்தவர், இப்போது உண்மையாகவே நீந்திச் சென்று காணச் செய்கிறார். காண்போருள் பெரும்பாலோர் மீன்களாக இருக்கும்!

2015ஆம் ஆண்டில் அவர் தம் சொந்த நகரில் செய்ததோ வேறு தரத்தது. போனஸ் அயர்ஸின் நடுவே 67.5 மீட்டர் உயரமுள்ள ஒரு நெடுந்தூண் 1936 முதல் நிற்கிறது. அந்நகரின் அடையாளமே அதுதான். செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் காலையில் மக்கள் எழுந்து பார்த்தபோது தூணின் கூர்முனையைக் காணவில்லை. யாரோ சீவி எடுத்தாற்போல் தட்டையாக இருந்தது. காணாமற்போன முனையோ, நகரின் மால்பா அருங்காட்சியகத்தின் முற்றத்தில் தரைமேல் அமர்ந்திருந்தது. உண்மையில் முனை போகவில்லை. மேலே உறையொன்றை மாட்டி மறைத்திருந்தார். கீழே இருந்தது அதன் போலி. மக்கள் அப்போலியினுள் நுழைந்து, அதன் சன்னல்கள் வழியாக, உச்சியிலிருந்து தெரியும் நகரக் காட்சியை ஒளித்திரையில் கண்டனர். நாள்தோறும் கடந்து செல்லும் தூணின் உச்சியிலிருந்து தம் ஊரைப் பார்க்கும் வாய்ப்பு அம்மக்களுக்கு அதுவரை கிட்டியதில்லை. இப்படைப்புக்கு அவர் இட்ட பெயரில் குடியாட்சி என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. பெயர் பொருத்தமானதே. நாட்டுச் சின்னத்தைக் கேலி செய்வதும் வழிபடுவதும் எளிது. அதனைக் கீழே இறக்கிக் கதவு வைத்துக் கொடுப்பது அரிது.

இனி, நான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியதற்குக் காரணமான படைப்புக்கு வருகிறேன். மோரி கண்காட்சிக்கென 2017இல் புதிதாகச் செய்யப்பட்ட வகுப்பறை அது. ஒத்த அளவுள்ள இரண்டு அறைகள். இடையே பெரிய கண்ணாடி. அப்பாலுள்ள அறை கைவிடப்பட்ட ஒரு பள்ளியின் வகுப்பறை. பழைய மேசைகள், நாற்காலிகள், கரும்பலகை, எல்லாவற்றின் மேலும் தூசி. இப்பாலுள்ள அறை முழுதும் கருமை. அதில் உட்காரக் கரிய பெட்டிகள் மட்டுமே. வந்தவர் பெட்டியில் அமர்கிறார். உடனே கண்ணாடிக்கு அப்பால், தூசி படிந்த மேசையில், அவருடைய உருவம் வந்து அமர்கிறது. உடலுக்குப் பின்னாலுள்ள நாற்காலி தெரியும் அளவுக்கு வெளிறிய, ஆவி போன்ற உருவம்.

உத்தி மிகப் பழையது. டிர்க்ஸ் என்பவர் வகுத்ததைச் செம்மைப்படுத்தி, ஜான் ஹென்றி பெப்பர் 1862ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனில் சார்லஸ் டிக்கன்ஸின் கதையொன்றைக் காட்டியபோது இதே கண்ணாடியைத்தான் பயன்படுத்தினார். மறைவில் நிற்கும் நடிகரின் மேல் ஒளி பாய்ச்சினால் அவருடைய நிழலுரு மேடையில் பேயாகத் தோன்றும். ‘பெப்பரின் பேய்’ என்று அது பெயர் பெற்றது. அவையோர் அலறினர்; பாதுகாப்பாக நாற்காலியில் அமர்ந்தபடி அலறினர். ஏனெனில் பேய் வேறு, அவர்கள் வேறு. எர்லிச் மறைவில் நின்ற நடிகரை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் அவையோரையே அமர்த்தினார். இந்த ஒரு மாற்றத்தால் அச்சம் இரங்கலாகிவிடுகிறது. பேயைக் கண்டு நாம் அஞ்சவில்லை. பேயாக வந்து பழைய இடத்தைப் பார்க்கிறோம்.

ஜப்பானில் பிறப்பு விகிதம் குறைந்து, ஊரகங்கள் முதியோர் மட்டும் வாழும் இடங்களாகி, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டு வருகின்றன. எர்லிச் இதனைத் தொலைவிலிருந்து கேட்டறிந்தவர் அல்லர். 2000ஆம் ஆண்டு முதல் நீகாத்தா மாநிலத்தின் மலையூர்களில் நடந்துவரும் எச்சிகோ-சுமாரி கலைவிழாவில் 2006 முதற்கொண்டு பங்கேற்று வந்திருக்கிறார். அவ்வட்டாரத்தில் மூடப்பட்ட தொடக்கப்பள்ளி ஒன்றையே, பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் பொல்தான்ஸ்கி (1944–2021), ஜான் கால்மன் என்பவருடன் சேர்ந்து, 2006இல் ‘கடைசி வகுப்பு’ என்னும் படைப்பாக மாற்றினார். இருண்ட கூடங்கள், மங்கிய விளக்குகள், சுழலும் மின்விசிறிகள், எங்கிருந்தோ கேட்கும் இதயத்துடிப்பு. அப்படைப்பைப் பெரும்படைப்பென்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அது ஓர் இரங்கற்பா. அதன்முன் நாம் தலைகுனிந்து நின்றுவிட்டு வருகிறோம். எர்லிச்சின் வகுப்பறையில் தலைகுனிய நேரமில்லை. நாம் உட்கார வேண்டியிருக்கிறது. எந்த மேசை என்று தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பியோய் கசாரெஸின் தீவில் தன் உருவத்தைப் பிற உருவங்களிடையே பதிந்து வைத்தவனின் நிலை நமக்கும் வாய்க்கிறது.

இதன் படத்தை மாணவர்களிடம் காட்டியபோது அவர்கள் கண்ணாடியின் வித்தையை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பேருந்தின் சன்னலில் இரவில் தம் முகம் தெரிவதைச் சான்றாகவும் காட்டினார்கள். இனி ஆர்வம் அற்றுப்போகும் என்று எண்ணினேன். அதற்குப் பிறகே உண்மையான கேள்விகள் எழுந்தன. அங்கே ஆசிரியர் எங்கே நிற்பார், தூசியை ஏன் துடைக்கவில்லை, அங்குப் படித்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பார் என்றெல்லாம் கேட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. மலேசியாவில் 1957இல் 800க்கும் மேலாக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இப்போது 500ஐச் சற்றே கடந்து நிற்கின்றன; மறைந்தவற்றுள் மிகப்பல தோட்டப்புறப் பள்ளிகள். அங்கு நிகழ்ந்த காரணங்கள் வேறு, ஜப்பானில் நிகழும் காரணங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையாகாது. ஆயினும் தூசிக்கு மொழி வேறுபாடு இல்லை.

தொல்காப்பியர் சொன்னது பிழையாயிற்றா? அவ்வாறு நான் கருதவில்லை. குளத்தின் விளிம்பில் முதலில் நாம் கொள்ளும் துணுக்கு, அவர் சொன்ன அறிவு நிரம்பா மருட்கையே. ஒன்று மற்றொன்றாகத் திரிவதால் பிறப்பது. படியிறங்கிச் சென்று காரணத்தை அறிந்ததும் அது நீங்கத்தான் செய்கிறது. பின்னர் வருவதை வியப்பு என்று அழைத்தாலும் அது வேறொன்று. குளத்தில் அது நகையும் உவகையுமாக இருந்தது. முகப்பில் நகை, அம்மனையின் பழங்கதையை அறிந்தவர்க்கு அழுகை. வகுப்பறையில் இளிவரலும் அழுகையும் கலந்து வருகின்றன. மருட்கை இவருக்கு ஒரு வாயில் மட்டுமே. அவ்வழியே நுழைந்தபின் பிற மெய்ப்பாடுகள் ஒவ்வொன்றாக எதிர்கொள்கின்றன. வாயிலிலேயே நின்று படம் பிடித்துத் திரும்புவோரை வைத்து வீட்டை மதிப்பிட்டதே எதிர்க்கட்சியார் செய்த பிழை. வாயிலோடு முடிந்துவிடும் வீடுகளையும் சிலவேளை கட்டியது எர்லிச் செய்த பிழை.

மோரி கூடத்தில் நான் வகுப்பறைக்குள் சென்றபோது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லை. முதலில் எல்லாரும் பின்வரிசையில் உள்ள பெட்டிகளையே நாடினார்கள். எந்நாட்டு மாணவரும் அப்படித்தானே! பிறகு முதிய பெண்மணி ஒருவர் முன்வரிசைக்கு எழுந்து போனார். கண்ணாடிக்கு அப்பால் வெளிறிய அவர் உருவம் முதல் மேசையில் அமர்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டது. இப்பாலிருந்த அவர் கைகளுக்குக் கீழே மேசை எதுவும் இல்லை, வெறும் காற்று. கண்ணாடியைப் பார்த்தபடி, அப்பாலுள்ள மேசையின் உயரத்துக்குத் தம் கைகளை அவர் சரியாக ஏந்திப் பிடித்திருந்தார். எவரும் படம் பிடிக்கவில்லை. அடுத்த குழுவை உள்ளே விடுவதற்காகக் காவலர் வாசலில் வந்து நிற்கும்வரை அவர் கைகளை இறக்கவில்லை.